கணுக்கால் அளவு

— கணுக்கால்தான் இன்ஜினியரம்மா. சத்தியமா கணுக்கால். இந்தா பாருங்க, இந்த எலும்பு இருக்கே, இதுக்கு மேல ஒரு சொட்டு ஏறல.

— அப்போ இந்த வீட்டுக்கும் கணுக்கால்னே எழுதிக்கறேன் மேடம். தெரு முனையிலேர்ந்து இதே வார்த்தையை எழுதி எழுதி என் பேனாவே தேஞ்சு போச்சு.

— கொஞ்சம் இருங்க சர்வேயர் சார், எழுதாதீங்க. அக்கா, நீங்க உக்காருங்க. ஏன் நின்னுக்கிட்டே பேசறீங்க?

— பரவால்ல. உள்ள பொண்ணு காய்ச்சல்ல படுத்திருக்கா, முனகினா ஓடணும். அண்ணே, அந்தக் கட்டையைச் சுவத்துல சாய்க்காதீங்க. இப்பதான் வெள்ளையடிச்சோம்.

— இது சும்மா கட்டை இல்ல தங்கச்சி, அளவுக் கட்டை. என் சம்சாரத்தோட இருந்ததைவிட இதோட இருந்த நாள்தான் அதிகம். சரி, சாய்க்கல. தெரு பூரா பளபளன்னு வெள்ளையடிச்சிருக்கீங்களே, யார் வீட்டுலயாவது கல்யாணமா?

— அதெல்லாம் ஒண்ணும் இல்ல. சுவரு அழுக்கா இருந்துச்சு.

— எல்லார் வீட்டுச் சுவருமா? நாங்க வரோம்னு தெரிஞ்ச வாரத்துலயா?

— நீங்க வெள்ளத்தைப் பத்திக் கேக்க வந்தீங்களா, சுண்ணாம்பைப் பத்திக் கேக்க வந்தீங்களா அண்ணே?

— அப்படிப் போடுங்க! மேடம், எனக்கு இது தேவைதான். நீங்களே கேளுங்க.

— கோவிச்சுக்காதீங்க அக்கா. நாங்க எதுக்கு வந்திருக்கோம்னு உங்களுக்கு யாராவது சொன்னாங்களா?

— அணைன்னு சொன்னாங்க. அளக்கறாங்கன்னு சொன்னாங்க. அளந்தா இடிப்பாங்கன்னும் சொன்னாங்க.

— மேல இருக்கற அணையில பழைய மதகெல்லாம் துருப்பிடிச்சு இத்துப் போச்சு. புதுசா கட்டப் போறோம். எத்தனை ஷட்டர் வைக்கறதுன்னு முடிவு பண்ணணும்னா, இந்த ஆத்துல வரக்கூடிய பெரிய வெள்ளம் எவ்வளவுன்னு தெரியணும். அதைக் கணக்குப் போடறதுதான் என் வேலை.

— வராத வெள்ளத்துக்கு எப்படிம்மா கணக்குப் போடுவீங்க?

— கம்ப்யூட்டர்ல இந்த மலை, இந்த ஆறு, இந்த மண்ணு எல்லாத்தையும் கணக்கா ஏத்தி வச்சிருக்கேன். மழையை அதுல ஊத்தினா, மண்ணு எவ்வளவு குடிக்கும், மிச்சம் எவ்வளவு நேரத்துல ஆத்துல வந்து விழும், எவ்வளவு உயரத்துக்கு ஓடும்னு அது சொல்லும்.

— அப்போ அதையே கேக்க வேண்டியதுதானே. எங்களை ஏன் கேக்கறீங்க?

— அது உண்மையைச் சொல்லுதான்னு பாக்கணுமே. ஏற்கெனவே வந்த ஒரு வெள்ளத்தை அது சரியாச் சொல்லிட்டா, இனிமே வரப்போறதையும் நம்பலாம். உங்க தெருவுக்குள்ள ஆறு வந்துச்சு இல்லையா, அந்த வருஷம், அதுதான் எனக்குத் தெரிஞ்ச ஒரே பெரிய வெள்ளம். அதான் வீடு வீடா ஏறி, தண்ணி எதுவரைக்கும் வந்துச்சுன்னு கேக்கறோம்.

— வந்துச்சு. கணுக்கால் வரைக்கும் வந்துச்சு. விடியறதுக்குள்ள வடிஞ்சிருச்சு. பிள்ளைங்க காகிதக் கப்பல் விட்டு விளையாடினாங்க.

— ஆஹா, கப்பலும் வந்துருச்சு மேடம். இதுக்கு முந்தின வீட்டுலயும் கப்பல், அதுக்கு முந்தினதுலயும் கப்பல். இந்தத் தெருவுல அன்னிக்கு ஒரு துறைமுகமே இருந்திருக்கு.

— சார், நீங்க சிரிக்கறீங்க. எனக்குக் காலையிலேர்ந்து என்னமோ சரியாப் படல.

— அது நாம இன்னும் சாப்பிடாததால மேடம்.

— இல்ல சார். போன மாசம் இன்னொரு ஊர்ல கேட்டோமே, ஞாபகம் இருக்கா?

— மறக்க முடியுமா? ஒரே தெருவுல ஒருத்தர் முழங்கால்னாரு, பக்கத்து வீட்டம்மா இடுப்புன்னாங்க, ஒரு பெரியவர் என்னடான்னா மாட்டைத் தூக்கித் தென்னை மரத்துல கட்டினேன்னாரு.

— அதுதான் சார் நிஜம். நிஜமா வெள்ளத்தைப் பாத்தவங்க ஒரு நாளும் ஒரே மாதிரி சொல்ல மாட்டாங்க. பயந்தவங்களுக்கு ஏறியிருக்கும், மறக்க நினைக்கறவங்களுக்கு இறங்கியிருக்கும். இங்க மட்டும் எல்லாருக்கும் ஒரே கணுக்கால்.

— எல்லாரும் ஒரே தெருக்காரங்க இன்ஜினியரம்மா. ஒரே தண்ணியைத்தான் பாத்தோம். வேற என்ன சொல்லுவோம்?

— சார், இந்த வீட்டுத் தரை மட்டம் எடுத்தீங்களா?

— எடுத்தாச்சே. இப்பதான் வாசல்ல கருவியை வச்சுப் பாத்தேன்.

— தெருக்கோடி வீட்டுத் தரைக்கும் இதுக்கும் எவ்வளவு வித்தியாசம்?

— இருங்க, கழிச்சுச் சொல்றேன். நாலடி. அந்த வீடு இதைவிட நாலடி பள்ளத்துல... அட.

— சொல்லுங்க சார்.

— அட, இது என்ன கூத்து. ஏம்மா தங்கச்சி, உங்க வீட்டுல கணுக்கால் தண்ணி நின்னா, அந்தக் கோடி வீட்டுல கழுத்து வரைக்கும்ல நின்னிருக்கணும்? அந்தம்மாவும் கணுக்கால்னுதானே எலும்பைத் தொட்டுக் காட்டினாங்க? தண்ணி என்ன படிக்கட்டு மாதிரி ஒவ்வொரு வீட்டுக்கும் ஏறி ஏறி நிக்குமா?

— அவங்களுக்கு வயசாச்சுண்ணே. மறந்திருப்பாங்க.

— உங்களைவிடச் சின்னவங்க அவங்க.

— அப்போ பயத்துல தப்பாச் சொல்லியிருப்பாங்க. எனக்கு என்ன தெரியும்? அவங்க வீட்டுக் கதையை அவங்களைக் கேளுங்க.

— அக்கா, குரலை உயர்த்த வேண்டாம், பாப்பா முழிச்சுக்கப் போறா. ஜன்னலுக்கு வெளியே நிக்கறாங்களே, அவங்கல்லாம் யாரு?

— பக்கத்து வீட்டுக்காரங்க. புதுசா ஆள் வந்தா வேடிக்கை பாப்பாங்க. ஏய், போங்கடி, அவங்கவங்க வேலையைப் பாருங்க. இங்க என்ன அவுத்துவிட்ட கரடியா ஆடுது?

— அந்தப் பச்சைப் புடவைக்காரங்க... நீங்க கணுக்கால்னு சொல்லும்போதெல்லாம் அவங்க உதடும் கூடவே அசையுது அக்கா.

— அவ எப்பவும் முணுமுணுன்னு எதையாவது சொல்லிட்டே இருப்பா.

— மேடம், மட்டத்தை எடுத்துட்டோம், கிளம்பலாமா? மிச்சத்தை ஆபீஸ்ல வச்சுப் பாத்துக்கலாம்.

— அந்தக் கதவு நிலையில என்ன சார் கோடு? கொஞ்சம் கட்டையை வச்சுப் பாருங்க. வெள்ளக் குறியா இருக்கப் போகுது.

— எங்க? ஆமா, கத்தியால கீறியிருக்கு. சுண்ணாம்பை அப்பிட்டாங்க, ஆனா விரலை வச்சா தெரியுது. ஒண்ணு, ரெண்டு... வரிசையா மேல போகுது. பக்கத்துல எண்ணும் போட்டிருக்கு மேடம். மூணு, நாலு, அஞ்சு... வெள்ளக் குறி இல்ல இது. பிள்ளையை நிக்க வச்சு வயசுக்கு வயசு உயரம் கீறியிருக்காங்க. பன்னெண்டோட நின்னு போச்சு.

— பாப்பாவுக்கு என்ன வயசு அக்கா?

— எட்டு.

— அப்போ இது யாரு?

— எங்க... எங்க அண்ணன் பொண்ணு. இங்கதான் வளந்தா.

— ஓ. இப்போ எங்க இருக்காங்க?

— கட்டிக் குடுத்துட்டோம்.

— பேரு என்னம்மா?

— அண்ணே, உங்களுக்கு எதுக்கு எங்க வீட்டுப் பொம்பளப் பிள்ளை பேரெல்லாம்? மட்டம் எடுக்க வந்தீங்களா, மாப்பிள்ளை பாக்க வந்தீங்களா?

— தப்புதான் தாயே, தப்புதான். ஆளை விடுங்க.

— சார், நீங்க கொஞ்சம் தண்ணி குடிங்க. அக்கா, நான் ஒண்ணு சொல்றேன், பொறுமையாக் கேளுங்க. நீங்க உயரத்தைக் குறைச்சுச் சொல்றீங்கன்னு எனக்குத் தெரியும். எல்லா ஊர்லயும் குறைச்சுத்தான் சொல்லுவாங்க. நிறைய தண்ணி வந்த இடம்னு எழுதிட்டா வீட்டை இடிச்சுடுவாங்கன்னு பயம். அந்தப் பயம் நியாயம்தான். நான் உங்களைக் குத்தம் சொல்லல.

— இடிப்பீங்களா, இல்லையா? அதைச் சொல்லுங்க முதல்ல.

— சின்ன வெள்ளம்னா நாலு ஷட்டர் போதும். ஆறு இப்போ இருக்கற அகலத்துலயே ஓடும், தெருவை யாரும் தொட மாட்டாங்க. பெரிய வெள்ளம்னா ஒம்பது ஷட்டர் வேணும். அவ்வளவு தண்ணியைத் திறந்துவிட்டா ஆத்தை அகலப்படுத்தணும். அப்போ இந்தத் தெரு இருக்காது.

— இந்தத் தெரு போனா நாங்க எங்கம்மா போவோம்? எங்க கையில ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. வேற வீடு குடுங்கன்னு எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கேப்போம்? ஆலைக்காரங்க தொழிலாளிங்களுக்குக் கட்டின குடியிருப்பு இது. ஆலையையும் மூடிட்டுப் போயிட்டாங்க. கணுக்கால்னு எழுதிக்கிட்டுப் போங்கம்மா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

— எழுதறேன் அக்கா. எழுதத்தான் வந்தேன். ஆனா எனக்கு ஒரு சிக்கல் இருக்கு. மலை உச்சியில மழை அளக்கறதுக்கு ஒரு ஜாடி வச்சிருக்கு. தினமும் காலையில ஒருத்தர் போய்ப் பாத்து எழுதுவாரு. வெள்ளம் வந்த அன்னிக்கு மட்டும் எங்க கம்ப்யூட்டர்ல அந்த இடத்துல பூஜ்யம்னு இருக்கு.

— அப்போ மழையே இல்லைன்னு அர்த்தம். அவ்வளவுதானே?

— அப்படித்தான் முதல்ல நானும் நினைச்சேன். ஆனா எங்க தொழில்ல ஒரு கேடு கெட்ட பழக்கம் உண்டு. அளக்க ஆள் வரலைன்னா அந்த இடம் காலியா கிடக்கும். கம்ப்யூட்டர்ல ஏத்தறவங்க காலியா விடக் கூடாதுன்னு அங்க பூஜ்யத்தைப் போட்டுட்டுப் போயிடுவாங்க. மழை பெய்யலைன்னாலும் பூஜ்யம். அளக்கறவன் வரலைன்னாலும் பூஜ்யம்.

— அந்த ஆளையே கேக்கலாமே மேடம்? நீங்க தேடச் சொன்னீங்களே?

— தேடினேன் சார். அந்த நாளுக்கு அப்புறம் அவரு எங்கயும் சம்பளம் வாங்கல. எங்க போனாருன்னு யாருக்கும் தெரியல.

— அட, கடவுளே.

— பக்கத்து மலையில இருக்கற ஜாடி அன்னிக்கு நிரம்பி வழிஞ்சிருக்கு அக்கா. இங்க பூஜ்யம்னு வச்சுக் கணக்குப் போட்டா, ஆறு கரையைக் கொஞ்சமாத்தான் தாண்டுது. உங்க வீட்டுல கணுக்கால், கோடி வீட்டுல இடுப்போ கழுத்தோ. உங்களுக்குக் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும், அவ்வளவுதான். ஆனா அந்தப் பக்கத்து மலை மழையை எடுத்து இங்க ஊத்தினா...

— ஊத்தினா?

— தண்ணி இந்தக் கூரையில முட்டுது.

— கூரையிலயா?

— ஒரு தடவை இல்ல அக்கா, மண்ணு காஞ்சிருந்துச்சுன்னு வச்சுப் பாத்தேன், ஈரம்னு வச்சுப் பாத்தேன், மழையை மெதுவா விட்டுப் பாத்தேன். எப்படிப் போட்டாலும் ராத்திரி ஊரடங்கின நேரத்துல வருது. தெருவுக்குள்ள நுழைஞ்சு கூரை வரைக்கும் ஏறறது, எழுந்து விளக்கைப் போடறதுக்குள்ள முடிஞ்சிடும்.

— மேடம், போதும் மேடம். பாவம், அவங்க முகத்தைப் பாருங்க. வெளுத்துப் போச்சு.

— பயமுறுத்தறதுக்காகச் சொல்லல சார். அக்கா, ரெண்டு கணக்கு இருக்கு என் கையில. எது நிஜம்னு கம்ப்யூட்டருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. அதனாலதான் வெயில்ல வீடு வீடா ஏறி இறங்கறேன். நீங்க கணுக்கால்னு சொன்னது பொய்யா இருக்கலாம். முழங்காலா இருக்கலாம், இடுப்பா இருக்கலாம். அது எதுவா இருந்தாலும் எனக்கு ஒண்ணுதான், நாலு ஷட்டர்தான். ஆனா ஒண்ணு மட்டும் பொய்யா இருக்க முடியாது.

— என்னது?

— நீங்க. கூரை வரைக்கும் வந்திருந்தா இந்த வீட்டுக்குள்ள படுத்திருந்த ஒருத்தர் இன்னிக்கு என் முன்னால நின்னு பேச முடியாது. இந்தத் தெருவுல வீட்டுக்கு வீடு ஆள் இருக்கீங்க. சர்க்கார் காகிதத்துலயும் உயிர்ச்சேதம் இல்லைன்னுதான் இருக்கு. யாரும் செத்துட்டாங்கன்னு யாரும் வந்து சொல்லல. அன்னிக்கு இங்க இருந்தவங்க அத்தனை பேரும் உயிரோட இருக்கீங்க. அதுதான் எனக்குச் சாட்சி. உங்களை வச்சுத்தான் அந்தப் பூஜ்யத்தை நான் நம்பப் போறேன்.

— என்னை வச்சா?

— ஆமா. நீங்க மூச்சு விடறதே எனக்குப் போதும். சர்வேயர் சார், எழுதிக்கோங்க. நாலு ஷட்டர்.

— அப்பாடா. வயித்துல பாலை வார்த்தீங்க மேடம். தங்கச்சி, உங்க தெரு பிழைச்சுது போங்க. ராத்திரி எல்லாரும் நிம்மதியாத் தூங்குங்க. வாங்க மேடம், பசி காதை அடைக்குது.

— வரேன் அக்கா. பாப்பாவைப் பாத்துக்கோங்க. வெந்நீர் குடுங்க.

— இன்ஜினியரம்மா.

— சொல்லுங்க.

— நாலு ஷட்டர் வச்சு... அந்தப் பெரிய மழை திரும்ப வந்தா என்ன ஆகும்?

— வந்துச்சுன்னா, நிறைய இருந்த பழைய மதகுங்க தள்ளியிருக்கும், நாலே ஷட்டரால அவ்வளவு தண்ணியை வெளிய தள்ள முடியாது. அணைக்கு மேல ஏறி வழியும். மண் அணை அது, வழிஞ்சா கரைஞ்சு போகும். இந்தத் தெரு மட்டும் இல்ல, கீழ டவுனே இருக்காது. ஆனா வராதுக்கா. அப்படி ஒரு மழை இங்க வந்ததே இல்லைங்கறதுக்குச் சாட்சியாத்தானே நீங்க நிக்கறீங்க.

— டவுன்ல எவ்வளவு பேர் இருப்பாங்க?

— தங்கச்சி, அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு? நல்ல சேதி சொல்லியாச்சு, கதவைச் சாத்திக்கோங்க.

— எவ்வளவு பேர்னு கேட்டேன் அண்ணே.

— அது... ஒரு லட்சம் இருக்கும்.

— ஒரு லட்சம்.

— அக்கா, ஏன் வாசலை மறிச்சு நிக்கறீங்க? இன்னும் ஏதாவது கேக்கணுமா?

— எழுதினதை அடிச்சுடுங்க.

— என்னது?

— அடிச்சுடுங்கம்மா. ஏய், பச்சைப் புடவை, என்னை அப்படிப் பாக்காதடி. நீ வேணா என்னைத் தெருவை விட்டுத் துரத்து, தலையில கல்லைத் தூக்கிப் போடு, எனக்குக் கவலையில்ல. என் வயித்துலயும் ஒண்ணு பிறந்து உள்ள படுத்திருக்கு. என்னால முடியலடி. இன்ஜினியரம்மா, நான் அன்னிக்கு இந்த வீட்டுல இல்ல.

— இல்லைன்னா? வெளியூர் போயிருந்தீங்களா?

— இந்த ஊரையே அதுவரைக்கும் நான் பாத்தது கிடையாது. நான் மட்டும் இல்ல, இந்தத் தெருவுல ஒருத்தர்கூட அன்னிக்கு இங்க இல்ல. நாங்கல்லாம் பாலத்துக்கு அடியில கிடந்தவங்க. ஆத்தோரமா ஒரு தெரு காலியா கிடக்குதுன்னு யாரோ சொன்னாங்க. வந்து பாத்தோம். எல்லா வீடும் திறந்து கிடந்துச்சு. அண்டா குண்டான் எல்லாம் அங்கங்க கிடந்துச்சு. ஒரு மனுஷ வாடை இல்ல. சொந்தக்காரங்க வருவாங்க, வந்தா போயிடுவோம்னுதான் ஆளுக்கு ஒரு வீட்டுல படுத்தோம். இன்னிக்கு வருவாங்க, நாளைக்கு வருவாங்கன்னு பயந்துக்கிட்டே இருந்தோம். யாரும் வரல.

— யாருமே தேடி வரலையா?

— எங்கெங்கேர்ந்தோ ஆலைக்குப் பிழைக்க வந்தவங்களாம். தேடறதுக்கு யாரு இருக்கா? நீங்க அளக்க வரீங்கன்னதும் நாங்களே கூடிப் பேசினோம். கணுக்கால்னு சொல்லிட்டா வீடு தப்பிக்கும்னு முடிவு பண்ணினோம். பழைய கறையெல்லாம் சுண்ணாம்பு அடிச்சு மறைச்சோம். அந்தக் கதவு நிலையில கீறியிருக்கற பிள்ளை யாருன்னு எனக்குத் தெரியாதும்மா. எனக்கு அண்ணனே கிடையாது.

— மேடம்... அப்போ அந்தப் பன்னெண்டு வயசுப் பிள்ளை...

— இருங்க சார். அக்கா, நீங்க சொல்றது சத்தியமா?

— என் பொண்ணு மேல சத்தியம்.

— ஆள் இல்லாம போனதுக்கு வேற காரணம்கூட இருக்கலாம். முன்னாடியே தெரிஞ்சு கிளம்பிப் போயிருக்கலாம். எனக்கு ஒரு குறி வேணும்க்கா. தண்ணி எதுவரைக்கும் வந்துச்சுன்னு கண்ணால பாத்த ஒரு குறி. கறை எவ்வளவு உயரத்துல இருந்துச்சு?

— சுவரு பூரா கறைதான். மேல கோடுன்னு ஒண்ணு இல்லவே இல்ல.

— வேற ஏதாவது? எதுவா இருந்தாலும் சொல்லுங்க.

— குடி வந்த அன்னிக்குத் துடைக்கலாம்னு ஸ்டூல் போட்டு இந்த ஃபேன்கிட்ட ஏறினேன் இன்ஜினியரம்மா. இறக்கைக்கு மேல ஆத்துச் சேறு காஞ்சு கிடந்துச்சு, அந்தச் சேத்துல அஞ்சு விரலும் பதிஞ்சிருந்துச்சு.